நாடகம் பார்க்கக் கடல் தாண்டலாமா?

பத்தாம் வகுப்பு மாணவி, போத்தனூர்

கடல் தாண்டியாவது செல்வம் தேடச் சொன்ன ஔவைப்பாட்டி, கடல் தாண்டி நாடகம் பார்க்கச் சொல்லவில்லையே என்பது என் அப்பாவின் வாதம். திருத்தலத்துக்குப் போகிறேன் என்றால் உடனே சம்மதிப்பார். படிக்கப் போகிறேன் என்றால் கடன் வாங்கியாவது அனுப்புவார். ‘நாடகம் பார்க்க’ என்ற இரண்டு சொற்களைக் கேட்டவுடன்தான் முகம் மாறுகிறது. “வேலையத்த வேலை” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொள்கிறார். அப்பாவைப் போன்ற பெற்றோர்களும், எங்களை நன்கு அறிந்த சகோதரிகளும், எனதருமைத் தோழியரும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு எங்கள் வகுப்பில் தொடங்கியதே ஒரு தற்செயல். நன்னெறி வகுப்பில் சிஸ்டர், ஜெர்மனி நாட்டுப் பவேரியா மாநிலத்தில் உள்ள ஓபராம்மர்கவ் என்னும் மலைச்சிற்றூரைப் பற்றிக் கூறினார். 1633ஆம் ஆண்டு அவ்வூரைக் கொள்ளைநோய் தாக்கியது. நோய் நீங்கினால் ஆண்டவரின் பாடுகளை நாடகமாக நடித்துக்காட்டுகிறோம் என்று ஊரார் நேர்ந்துகொண்டார்கள். 1634இல் முதல் நாடகம் நடந்தது. பிற்பாடு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று வழக்கமாகி இன்றுவரை நடந்துவருகிறது. 2020இல் நடக்க வேண்டியதைக் கொரோனா தடுத்தது, 2022இல் நடத்தினார்கள். கொள்ளைநோய் நீங்கியதற்காகப் பிறந்த நாடகத்தை இன்னொரு கொள்ளைநோய் இரண்டு ஆண்டு தள்ளி வைத்தது விந்தை அல்லவா?

அந்நாடகத்தில் நடிப்பதற்கு அவ்வூரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். தச்சரும் கடைக்காரரும் பள்ளி ஆசிரியருமே நடிகர்கள். நாடகத்துக்கு முந்தைய ஆண்டுச் சாம்பல் புதனிலிருந்து ஆண்கள் முடியும் தாடியும் வெட்டுவதில்லை. நாடகம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். நடுவில் சாப்பாட்டுக்கு நீண்ட இடைவேளை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தாமஸ் குக் என்னும் பயண ஏற்பாட்டாளர் இங்கிலாந்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்களை இதைப் பார்க்க அழைத்துச் சென்றாராம். ஆகவே, நாடகம் பார்க்கக் குழுவாக வெளிநாடு செல்வது நாங்கள் கண்டுபிடித்த புதுமை அன்று என்பதை அப்பாவுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒரு செய்தியைக் கேட்டபோது மட்டும் வகுப்பே கூச்சலிட்டது. மணமான பெண்களும் முப்பத்தைந்து வயது கடந்த பெண்களும் அந்த மேடையில் ஏற நீண்ட காலம் அனுமதி இல்லை. முப்பத்து மூன்று வயது மகனுக்குத் தாயாக நடிக்கிறவள் முப்பத்தைந்துக்கு உட்பட்ட, மணமாகாத பெண்! இந்தக் கணக்கு எங்கள் கணக்கு ஆசிரியைக்கே விளங்கவில்லை. அவ்வூர்ப் பெண்கள் சிலர் நீதிமன்றம் சென்று வென்ற பிறகு, 1990இல்தான் அந்த விதி போயிற்று. 2022 நாடகத்தில் யூதாஸாக நடித்த இருவருள் ஒருவர் இஸ்லாமிய இளைஞர் என்றும் சிஸ்டர் சொன்னார். எங்கள் வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருக்கிறோம். ஆகவே அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

அடுத்த நாடகம் 2030இல். “அப்போது நமக்கு இருபது வயதுடி, எல்லோரும் சேர்ந்து போகலாம்” என்று ஒருத்தி சொன்னதுதான் தாமதம், கரும்பலகையில் கணக்கு ஏறியது. நாங்கள் பதினெட்டுப் பேர். விமானக் கட்டணம், விசாவுக்குத் தொண்ணூறு யூரோ, தங்குமிடத்தோடு சேர்த்து விற்கும் நாடகச் சீட்டு, அந்த ஊர்க் குளிருக்குக் கம்பளிச் சட்டை. கூட்டிப் பார்த்தால் தலைக்கு இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையவில்லை. “ஐந்து வருடம் இருக்கிறதே, சீட்டுப் பிடிக்கலாம்” என்றார்கள் சிலர். நானும் கை தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை சைக்கிள் நிறுத்துமிடத்தில் என் பக்கத்து இருக்கைத் தோழி பூட்டைத் திறந்துகொண்டே, “நீங்க எல்லாம் போயிட்டு வந்து எனக்குக் கதை சொல்லுங்கடி” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுடைய அப்பா நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். அம்மா வீட்டில் துணி தைக்கிறார். இரண்டு லட்சம் என்ற எண் கரும்பலகையில் விழுந்த கணமே அவள் பயணத்திலிருந்து இறங்கிவிட்டாள். அவளோடு இன்னும் நான்கைந்து பேர் சத்தமில்லாமல் இறங்கியிருப்பார்கள். கை தட்டிய எங்கள் காதில் அது விழவில்லை.

அதன் பிறகே நான் வேறு வழி தேடினேன். எனக்குக் கிடைத்த விடை யாழ்ப்பாணம்.

யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றம் என்றொரு அமைப்பு உண்டு. 1965இல் மரிய சேவியர் அடிகளார் என்னும் குருவானவர் நிறுவியது. தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளைத் தமிழில் பெரிய மேடை நாடகமாக நடத்திப் பெயர் பெற்றது. போர் நடந்த நாட்களிலும் அவர்கள் நாடகத்தைக் கைவிடவில்லை. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்திக்கொள்ளாமல் நாட்டுக்கூத்து, இசை நாடகம் என்று எல்லாவற்றையும் வளர்த்தார்கள். அடிகளார் 2021இல் காலமானார். அந்தப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் கூத்து என்பது கோயில் திருவிழாவோடு சேர்ந்தது. புனிதர் வரலாறுகளை அண்ணாவியார் பாட்டும் தாளமுமாகப் பழக்க, மீன்பிடிக்கும் குடும்பத்து ஆட்கள் விடிய விடிய ஆடுவார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கோவாவிலிருந்து சென்ற ஜாக்கோமே கொன்சால்வெஸ் என்னும் குருவானவர் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் அங்குள்ளவர்களுக்குத் தவக்காலப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

ஓபராம்மர்கவ் சென்றால் ஐந்து மணி நேரமும் ஜெர்மன் மொழி. கையில் மொழிபெயர்ப்புப் புத்தகம் இருக்குமாம். குனிந்து புத்தகத்தைப் படிப்பதா, நிமிர்ந்து மேடையைப் பார்ப்பதா? பேதுரு மறுதலிக்கும் இடத்தில் நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால் என்ன பயன்? யாழ்ப்பாணத்தில் அந்தக் கவலை இல்லை. பேசுவதைக் ‘கதைப்பது’ என்பார்கள். அழகை ‘வடிவு’ என்பார்கள். அதைப் பழகிக்கொள்ள ஒரு நாள் போதும்.

அப்பாவின் அடுத்த கேள்வி, “அதைத்தான் செல்போனில் பார்க்கலாமே?” என்பது. இதற்கு என் அனுபவத்திலிருந்தே விடை சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு ஈட்டி பிடித்த காவலாளி வேடம். வசனமே கிடையாது. தாய் மகனைப் பிரியும் காட்சியில் நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது மூன்றாம் வரிசையில் யாரோ ஓர் அம்மா விசும்புவது மேடைக்குக் கேட்டது. அது கேட்டதும் தாயாக நடித்தவளின் குரல் மாறியது. ஒத்திகையில் ஒருநாளும் அவள் அப்படிப் பேசியதில்லை. பார்த்தவர் அழுததால் நடித்தவள் மாறினாள். அந்த நாடகத்தின் காணொளியையும் பிறகு பார்த்தேன். விசும்பல் அதில் பதிவாகவே இல்லை.

என் அப்பிச்சி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணம் என்று நான் சொன்னதும் அவர் சிரித்தார். “அதென்ன வெளிநாடு! எங்க காலத்துல டிக்கெட் வாங்கி ரயில்ல ஏறினாப் போதும்” என்றார். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து போட் மெயில் தனுஷ்கோடி வரை போகும், அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது வரை இந்த வழி இருந்தது. அந்த நாளில் தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் இலங்கைக்குப் போய் நடிப்பது சாதாரணமாம். அப்பிச்சி பெருமையோடு நினைவூட்டியது கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளை. நம் காவிரிக்கரைக் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர், கொழும்பு சென்று நடித்தார். எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்ததும் 1926இல் அங்கேதான். அப்போது அவருக்கு வயது பதினெட்டு இருக்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் கொங்கு நாட்டுப் பெண் ஒருத்தி நாடகம் நடிக்கக் கடல் தாண்டியிருக்கிறாள். பார்ப்பதற்கு நாங்கள் தாண்டுவதில் என்ன குற்றம் என்று அப்பாவிடம் கேட்டேன். செய்தித்தாள் சற்றுக் கீழே இறங்கியது.

இனி வழியைச் சொல்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். 2024இல் ஒருவழிக் கட்டணம் சுமார் 5,000 ரூபாய். மழைக்காலத்தில் கப்பலை நிறுத்திவிடுகிறார்கள். தவக்காலமோ மழை ஓய்ந்த பிறகு வருகிறது. சென்னையிலிருந்து விமானமும் உண்டு. ஆனால் சென்னை வரை போய்த் திரும்புவது நமக்குச் சுற்று. கோவையிலிருந்து திருச்சி, தஞ்சாவூர் வழியே நாகை செல்வதே எளிது. கடவுச்சீட்டுக்குப் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பெற்றோர் கையெழுத்து வேண்டும். அலுவலகம் கோவையிலேயே இருக்கிறது. இலங்கைக்கு இணையம் வழியே முன் அனுமதி பெற வேண்டும். கன்னியர் மடம் ஒன்றில் தங்க இடம் கேட்கலாம் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். எல்லாம் சேர்த்துத் தலைக்கு 18,000 ரூபாய்க்குள் அடங்கும் என்பது எங்கள் கணக்கு.

பெரிய இடைஞ்சல் தேர்வுதான். தவக்காலமும் அரசுத் தேர்வும் எப்போதும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. இந்த ஆண்டு நினைக்கவே முடியாது. 2027இல் ஈஸ்டர் மார்ச் 28, அதுவும் ஆகாது. நாட்காட்டியைப் புரட்டியபோது 2028இல் ஈஸ்டர் ஏப்ரல் 16 என்று கண்டேன். வழக்கம்போல் மார்ச்சு இறுதிக்குள் பிளஸ் டூ தேர்வு முடிந்தால், புனித வாரத்துக்கு முன் ஒரு வாரமாவது கையில் இருக்கும்! நாடகம் எந்த நாளில், எந்த இடத்தில் என்பதை மட்டும் யாழ்ப்பாணத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அதன் பிறகுதான் பயணச்சீட்டு வாங்க வேண்டும். அதற்கு முன்னால், நம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஈஸ்டரை ஒட்டி இரவில் நடக்கும் பாஸ்கு நாடகம் ஒன்றையாவது நாங்கள் பார்த்துவிட வேண்டும் என்பதும் என் விருப்பம். வீட்டு வாசலில் நடப்பதைப் பார்க்காமல் கப்பல் ஏறினால் அப்பிச்சியே கேலி செய்வார்.

பணம் சேர்ப்பதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஏப்ரல் 2026 முதல் மார்ச் 2028 வரை இருபத்து நான்கு மாதங்கள். மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று பட்டியல் போட்டு ஒட்டக்கூடாது. ஓர் உண்டியல். முடிந்தவர் முடிந்ததைப் போடட்டும். யார் எவ்வளவு போட்டார் என்பது சிஸ்டருக்கு மட்டும் தெரியட்டும். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டி விற்பது, கோடை விடுமுறையில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, இவற்றின் வரும்படியும் அதிலேயே விழட்டும். 2028இல் பதினெட்டுப் பேருக்கும் போதுமான பணம் இருந்தால் போகலாம். பதினேழு பேருக்குத்தான் இருக்கிறது என்றால் யாரும் போகவேண்டாம். இன்னும் ஓராண்டு சேர்க்கலாம். இதைச் சில தோழியர் ஒத்துக்கொள்ளவில்லை. “ஒருத்திக்காக எல்லோரும் ஏன் காத்திருக்க வேண்டும்? பிளஸ் டூ முடிந்தால் ஆளுக்கொரு கல்லூரி, சிலருக்குக் கல்யாணம்; பிறகு எங்கே கூடுவது?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனாலும் நாடகத்தைக் கதையாகக் கேட்கும்படி ஒருத்தியை நாகப்பட்டினக் கரையில் விட்டுவிட்டு, பாடுகளின் நாடகத்தைப் பார்த்து அழ எனக்கு முகம் இல்லை.

சென்ற வாரம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கழுவி, மூடியில் துளை போட்டு சிஸ்டரிடம் கொடுத்தோம். அப்பா பத்து ரூபாய் போட்டார். ‘சம்மதம் என்று பொருள் இல்லை’ என்றும் சேர்த்துச் சொன்னார். என் பக்கத்து இருக்கைத் தோழி அதைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. நேற்று மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, என்னைப் பாராமலேயே கேட்டாள்:

“ஏண்டி, கப்பல்ல வாந்தி வருமா?”