இறையாண்மை யாருடையது? 1949 அக்டோபர் 17 அளிக்கும் விடை

அவசரநிலை அறிவிக்கப்பட்டதன் 50ஆம் ஆண்டையொட்டி, 2025 ஜூன் 26 அன்று ஆர்எஸ்எஸ் பொதுச் செயலாளர் தத்தாத்ரேய ஹொசபலே ஒரு கேள்வியை எழுப்பினார். முகவுரையில் உள்ள ‘சோசலிச’, ‘மதச்சார்பற்ற’ ஆகிய சொற்கள் நீடிக்கத்தான் வேண்டுமா என்பதே அது. இச்சொற்களை எதிர்த்த மனுக்களை உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 25 அன்று தள்ளுபடி செய்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. நீதிமன்றத்தில் தோற்ற வாதத்தை மேடையில் வென்றெடுக்க முடியுமா என்று சங் பரிவாரம் முயன்று பார்க்கிறது.

அவர்களது வாதத்தின் சாரம் எளிமையானது. மதச்சார்பின்மை இந்தியக் குடியரசின் பிறப்பில் இல்லை. 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் எதேச்சதிகாரமாகத் திணிக்கப்பட்டது. எனவே அதை நீக்குவது மூலச் சாசனத்திற்குத் திரும்புவதேயாகும் என்கிறார்கள். அப்படியானால் மூலச் சாசனம் பிறந்த அவைக்கே சென்று பார்ப்பதுதான் முறை.

அவையில் நடந்தது என்ன?

அரசியல் நிர்ணய சபை முகவுரையை இறுதிக் கட்டத்தில்தான் விவாதத்திற்கு எடுத்துக்கொண்டது. நாள் 1949 அக்டோபர் 17. தலைமை வகித்தவர் ராஜேந்திர பிரசாத். ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்கும் வாசகத்திற்கு முன்னால் ‘கடவுளின் பெயரால்’ என்ற சொற்களைச் சேர்க்க வேண்டுமென்று எச்.வி.காமத் திருத்தம் கொண்டுவந்தார். காமத் மதவெறியர் அல்லர். ஐசிஎஸ் பதவியைத் துறந்து, சுபாஷ் சந்திர போசுடன் பார்வர்டு பிளாக்கில் பணியாற்றிய விடுதலைப் போராட்ட வீரர். கடவுளின் பெயரோடு காந்தியின் பெயரையும் சேர்க்கும் திருத்தத்தை சிப்பன் லால் சக்சேனா முன்வைத்தார். கோவிந்த் மாளவியா ‘பரமேஸ்வரனின் அருளால்’ என்று தொடங்க வேண்டும் என்றார்.

உடனே அடுத்த கேள்வி எழுந்தது. சக்தி வழிபாடு தழைத்த காமரூபத்திலிருந்து வந்த ரோகிணி குமார் சௌத்ரி, கடவுளின் பெயரால் என்பது போலவே தேவியின் பெயராலும் என்று சேர்ப்பீர்களா என்று கேட்டார். காமாக்யா தேவியை வணங்கும் மக்களுக்கு என்ன விடை சொல்வது? அரசு ஆண்டவனின் பெயரைச் சொல்லத் தொடங்கிய கணத்திலேயே, எந்த ஆண்டவன் என்ற வழக்கும் தொடங்கிவிடுகிறது. இத்தனைக்கும் அங்கே பேசியவர்கள் பெரும்பாலும் ஒரே மதத்தைச் சேர்ந்தவர்கள்.

திருத்தத்தை எதிர்த்தவர்கள் யார் என்பது இன்னும் முக்கியமானது. திருவிதாங்கூரிலிருந்து வந்த பட்டம் தாணு பிள்ளை, தாம் கடவுள் நம்பிக்கை உடையவர் என்பதை மறைக்கவில்லை. ஆயினும் நம்பவும் நம்பாமலிருக்கவும் உரிமை வழங்கும் சாசனம், முகவுரையிலேயே நம்பிக்கையைக் கட்டாயமாக்கினால் அது அடிப்படை உரிமைக்கு முரணாகும் என்று வாதிட்டார். எண்ணத்திற்கும் வழிபாட்டிற்கும் சுதந்திரம் அளிப்பதாகக் கூறும் முகவுரை, ஒவ்வொருவரும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டிய ஒன்றைக் கூட்டாகத் திணிக்கலாகாது என்றார் ஹிருதயநாத் குன்ஸ்ரு. கடவுளை வாக்கெடுப்புக்கு விடும் சங்கடத்தில் அவையைத் தள்ள வேண்டாமென்று பூர்ணிமா பானர்ஜி காமத்தைக் கேட்டுக்கொண்டார்.

காமத் பின்வாங்கவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 41 பேர். எதிராக 68 பேர். திருத்தம் தோற்றது. இந்திய வரலாற்றில் இது ஒரு கருப்பு நாள் என்று காமத் வருந்தினார்.

அந்த 68 பேரில் நாத்திகர்களைத் தேடினால் சிலரே கிடைக்கக்கூடும். கோயிலுக்குப் போகிறவர்களும், தொழுகை நடத்துகிறவர்களும், தேவாலயத்தில் மண்டியிடுகிறவர்களும் நிறைந்த அவை அது. நாட்டுப் பிரிவினையின் ரத்தம் காயாத காலம். காந்தி மதவெறியின் துப்பாக்கிக்கு இரையாகி இரண்டாண்டுகூட நிறைவடையவில்லை. அந்த நிலையில் நம்பிக்கையாளர்களே கூடி, ஆட்சியதிகாரத்தின் ஊற்று மக்களே என்று முடிவு செய்தார்கள். ‘மதச்சார்பற்ற’ என்ற சொல் முகவுரையில் ஏறுவதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே அதன் உள்ளடக்கம் வாக்கெடுப்பில் வென்றுவிட்டது.

எல்லைக்கு அப்பால் எடுத்த முடிவு

இதே காலத்தில் இன்னொரு அரசியல் நிர்ணய சபை மாறான பாதையைத் தேர்ந்தது. 1949 மார்ச் 12 அன்று பாகிஸ்தான் நிறைவேற்றிய குறிக்கோள் தீர்மானம், பிரபஞ்சம் முழுவதன் இறையாண்மையும் அல்லாவுக்கே உரியது என்று தொடங்கியது. மதமும் அரசும் வெவ்வேறு என்ற பொருளில் ஜின்னா அதே சபையில் பேசி இரண்டாண்டுகூட ஆகவில்லை. கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த ஸ்ரீஷ் சந்திர சட்டோபாத்யாயா தீர்மானத்தைக் கடுமையாக எதிர்த்தார். சிறுபான்மையினருக்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்று பிரதமர் லியாகத் அலி கான் உறுதியளித்தார். தீர்மானம் நிறைவேறியது.

பின்னர் நடந்தது வரலாறு. 1956இல் அந்நாடு இஸ்லாமியக் குடியரசாயிற்று. குடியரசுத் தலைவர் முஸ்லிமாகவே இருக்க வேண்டும் என்றாயிற்று. 1971இல் வங்காளிகள் பிரிந்து சென்றனர். ஒரே மதம் என்ற கயிறு மொழி ஒடுக்குமுறையையும் பொருளாதாரச் சுரண்டலையும் தாங்கவில்லை. 1974இல் அகமதியாக்கள் முஸ்லிம்களே அல்லர் என்று நாடாளுமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. 1985இல் ராணுவ சர்வாதிகாரி ஜியா உல் ஹக், அந்தப் பழைய தீர்மானத்தையே சாசனத்தின் செயல்படும் பகுதியாக்கினார். முதலில் பிற மதத்தினரை வெளியே நிறுத்திய கோடு, பின்னர் சொந்த மதத்திற்குள்ளேயே யார் உண்மையான மதத்தினர் என்று பிரிக்கத் தொடங்கியது. இந்தியாவை ‘இந்து ராஷ்டிரம்’ ஆக்கத் துடிப்பவர்கள் பாகிஸ்தானை வசைபாடிக்கொண்டே அதன் தவறைத்தான் நகலெடுக்க விரும்புகிறார்கள்.

1976 என்னும் பொய்

மூன்று உண்மைகள் சங் பரிவாரத்தின் வாதத்தை நொறுக்கப் போதுமானவை.

ஒன்று: கேசவானந்த பாரதி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1973 ஏப்ரல் 24 அன்று. அதில் தலைமை நீதிபதி சிக்ரி, சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பின் கூறுகளில் ஒன்றாக அதன் மதச்சார்பற்ற தன்மையைக் குறிப்பிட்டார். அப்போது 42ஆவது திருத்தமும் இல்லை, அவசரநிலையும் இல்லை. மதத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 15ஆவது பிரிவு, மனசாட்சிச் சுதந்திரம் அளிக்கும் 25ஆவது பிரிவு, ஒரு மதத்தை வளர்க்க வரி செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் 27ஆவது பிரிவு ஆகிய அனைத்தும் 1950 முதலே நடைமுறையில் உள்ளவை.

இரண்டு: அவசரநிலைக்குப் பின் ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு 1978இல் 44ஆவது திருத்தத்தின் மூலம் அவசரநிலைக் காலத்து மாற்றங்கள் பலவற்றை நீக்கியது. முகவுரையின் இந்தச் சொற்களை அது நீக்கவில்லை. அந்த அமைச்சரவையில் வாஜ்பாயும் அத்வானியும் இருந்தார்கள்.

மூன்று: இச்சொற்களைச் சேர்க்கக் கோரிய கே.டி.ஷாவின் திருத்தத்தை 1948 நவம்பர் 15 அன்று அம்பேத்கரே ஏற்கவில்லை என்று இவர்கள் முழங்குகிறார்கள். அம்பேத்கரின் மறுமொழி முதன்மையாக ‘சோசலிச’ என்ற சொல்லைப் பற்றியது. பொருளாதார அமைப்பை வருங்காலத் தலைமுறை தீர்மானிக்கட்டும் என்றும், வழிகாட்டு நெறிகளில் அந்த உள்ளடக்கம் ஏற்கெனவே இருக்கிறது என்றும் அவர் கூறினார். இந்து ராஜ்யம் அமைந்தால் அது இந்நாட்டிற்குப் பேரழிவாகும் என்று எச்சரித்தவரை, மதச்சார்பு அரசின் சாட்சியாக நிறுத்துவது மோசடி.

‘மூலச் சாசனம்’ மீது இவர்களுக்கு எவ்வளவு பற்று இருந்தது? சாசனம் ஏற்கப்பட்ட நான்காம் நாளில், ஆர்எஸ்எஸ்சின் ‘ஆர்கனைசர்’ ஏடு அதில் மனுவின் சட்டங்களுக்கு இடமில்லையே என்று குறைபட்டுக்கொண்டது. அவர்கள் திரும்பிச் செல்ல விரும்பும் இடம் 1949 அன்று; அதற்கும் வெகு பின்னால் உள்ளது.

செங்கோல் நாடகம்

சொல்லை நீக்கும் முயற்சி ஒருபுறம் நடக்க, பொருளை நீக்கும் வேலை ஏற்கெனவே வேகமாக நடக்கிறது. 2023 மே 28 அன்று, சாவர்க்கரின் பிறந்த நாளில், புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவுக்கு அங்கே இடமில்லை. ஆதீனங்கள் புடைசூழ செங்கோல் நிறுவப்பட்டது. 1947இல் ஆட்சி மாற்றமே இந்தச் செங்கோலின் வழியாகத்தான் நடந்தது என்று சொல்லப்பட்டது. திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவுக்கு அவரது இல்லத்தில் செங்கோல் அளிக்கப்பட்டது உண்மை. மவுண்ட்பேட்டன் அதைக் கையளித்து ஆட்சியை மாற்றினார் என்பதற்குச் சமகால அரசு ஆவணம் எதுவும் காட்டப்படவில்லை. அன்று நள்ளிரவில் உறுதிமொழி ஏற்றவர்கள் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள்.

தமிழின் பெருமை என்று இதற்கு வண்ணம் பூசினார்கள். குருவின் கையிலிருந்து மன்னனின் கைக்குப் போகும் கோலில் குடிமகனுக்கு இடமேது? வாக்குச் சீட்டால் பெற்ற அதிகாரத்தை மேலிருந்து அருளப்பட்டதாகக் காட்டுவதே அச்சடங்கின் நோக்கம்.

1947இல் சோமநாதர் கோயிலைப் புதுப்பிக்க அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று காந்தி கூறினார். 1951இல் அந்த விழாவுக்கும் அரசுக்கும் தொடர்பில்லை என்று நேரு முதலமைச்சர்களுக்கு எழுதினார். 2024 ஜனவரி 22 அன்று அயோத்தியில் பிரதமரே சடங்கின் முதன்மைக் கர்த்தாவாக அமர்ந்தார். மத்திய அரசு அலுவலகங்களுக்கு அரை நாள் விடுமுறை விடப்பட்டது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ, ‘மக்களாகிய நாம்’ என்பதில் யார் யார் அடங்குவர் என்பதையே மதத்தைக் கொண்டு அளக்கிறது. முஸ்லிம்கள் விலக்கப்பட்டனர், இலங்கையிலிருந்து வந்த தமிழ் அகதிகளுக்கும் அதில் இடமில்லை.

வர்க்கத்தின் கணக்கு

சாசனத்தை உருவாக்கிய அவை குறைபாடற்றதாக இருக்கவில்லை. வரையறுக்கப்பட்ட வாக்குரிமையில் அமைந்த மாகாண சட்டசபைகள் தேர்ந்தெடுத்தவர்களும், சமஸ்தானங்களின் பிரதிநிதிகளும் அதில் இருந்தனர். அடிப்படை உரிமைகளின் வரைவு ஒரு போலீஸ்காரரின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று அங்கே சாடிய ஒரே கம்யூனிஸ்ட் உறுப்பினர் சோம்நாத் லாகிரி, வங்கப் பிரிவினைக்குப் பின் அவையில் தொடர இயலவில்லை. பசுப் பாதுகாப்பு 48ஆவது பிரிவாக நுழைந்தது. நிலமும் மூலதனமும் சிலர் கையிலேயே இருந்தன. அரசு மதத்திலிருந்து விடுபடுவதாலேயே மனிதன் முழுமையாக விடுதலை பெற்றுவிடுவதில்லை என்று இளம் மார்க்ஸ் காட்டியது இங்கும் பொருந்தும்.

ஆயினும் அந்த முதல் விடுதலை இல்லாமல் அடுத்த போராட்டங்களுக்குக் களமே கிடையாது. அதிகாரம் மக்களிடமிருந்து வருகிறதென்றால், கூலி ஏன் குறைவு, நிலம் ஏன் சிலரிடம் என்று அரசைக் கேட்கலாம். தெய்வ ஆணையாக வரும் அதிகாரத்தைக் கேள்வி கேட்பவர் பாவியாகவும் தேசத் துரோகியாகவும் ஆக்கப்படுவார். தொழிலாளர்கள் போராடிப் பெற்ற 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கிய அரசும், கோயில் மேடையில் அமரும் அரசும் ஒன்றேதான். கார்ப்பரேட் கூட்டாளிகளுக்குச் செய்யும் சேவையை மறைக்க இந்துத்துவா அதற்குத் தேவைப்படுகிறது.

இப்போராட்டம் பக்தர்களுக்கு எதிரானதன்று. 1949இல் கடவுளின் பெயரை அரசின் நெற்றியில் எழுத மறுத்தவர்களில் பெரும்பாலோர் பக்தர்களே. இந்த உண்மையை நூறு நாள் வேலைத் தளத்திலும், ஆலை வாயிலிலும், திருவிழாக் கூட்டத்திலும் நம்பிக்கையுள்ள மக்களிடம் எடுத்துச் சொல்வது கட்சி உறுப்பினர்களின் உடனடிக் கடமை. நவம்பர் 26 அன்று முகவுரையை வாசிப்பதோடு நிற்காமல், அதன் முதல் சொற்களுக்கு முன்னால் எதை வைக்க மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். இந்த நாட்டில் இறையாண்மை இந்திய மக்களுடையது. அதைப் பிடுங்க வருபவர் எந்தத் தெய்வத்தின் பெயரைச் சொல்லி வந்தாலும் விட்டுக்கொடுக்க இயலாது.