தொட்டியில் படரும் பாசி

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்போர் பலர். முதலில் பளிங்குபோல் விளங்கும் தொட்டியில் சில வாரங்களுக்குள் செடிகளின் இலைமேல் பச்சைப் பாசி மூடிவிடுகிறது. உடனே மருந்து தேடுகின்றனர். அது வீண் பிரயத்தனம் என்பது நமது அபிப்பிராயம்.

பாசி நோயன்று, மிகுதியின் அடையாளம். அதிக வெளிச்சமும், மீன்கள் தின்னாத தீனியும், அவற்றின் கழிவும் சேர்ந்தே அதை வளர்க்கின்றன. மயில்துத்தம் கரைத்தால் பாசி மடியலாம். இறாலும் நத்தையும் உடன் மடியும். காரணம் நீங்காமையால் பாசி மட்டும் திரும்பி வரும்.

ஆகையால், தொட்டியை வெயில் படும் ஜன்னலினின்று அகற்றுக. விளக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் எரியலாகாது. மீன்கள் இரண்டு மூன்று நிமிஷங்களில் தின்றுவிடுமளவே தீனி இடுக. வாரந்தோறும் கால் பங்கு ஜலத்தை மாற்றுக. பாசி மூடிய முதிய இலைகளைக் கிள்ளிவிடுக. நம் குளங்களில் விளையும் வேலம்பாசியை நடுக. பெயர் பாசியாயினும் அது பூக்கும் செடியே. விரைந்து வளர்ந்து, பாசிக்குரிய உணவைத் தானே கவர்ந்துகொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை. பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் தென் அமெரிக்க உறிஞ்சிமீன் ஓர் அடிக்கு மேல் வளரும். தொட்டி போதாதபோது அதைக் குளத்தில் விட்டுவிடுகின்றனர். இவ்வாறு அது நம் நாட்டு ஏரிகளில் பெருகி, நாட்டு மீன்களுக்கு இடையூறாயிருக்கிறது. வீட்டுத் தொட்டியைச் சுத்தமாக்கப் போய் ஊர்க் குளத்தைக் கெடுப்பது தேசாபிமானிகளுக்கு அழகாகுமா?