வினாவுக்கு மட்டுமோ தமிழ்?

ஆண்டுதோறும் எம்மை நாடி வருவோர் சிலர் உளர். பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதும் இளம் வைத்தியர்களும் சுகாதார அலுவலர்களுமே அவர்கள். கையில் ஆங்கில வினாக்கொத்து ஒன்று இருக்கும். "சேர், இதைத் தமிழாக்கித் தரவேண்டும், தோட்டத்துப் பெண்களிடம் கேட்கப் போகிறோம்" என்பர். நாம் தமிழாசிரியர்கள், மறுப்பதில்லை.

அவ்வேலை இலேசானதன்று. நாம் தமிழாக்கியதை வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்குவார். மூலத்தோடு அதனை ஒப்பிட்டுப் பொருள் பிசகவில்லை என்று கண்ட பின்னரே மேற்பார்வையாளர் இணங்குவார். ஒருமுறை "சோகை" என்று எழுதியிருந்தோம். கொழுந்தெடுக்கும் பெண்கள் அப்படிச் சொல்லார், "இரத்தம் குறைவு" என்பார்கள் என எமது மாணவி ஒருத்தி திருத்தினாள். அவள் லயத்திற் பிறந்தவள். எமது அகராதியிலும் அவள் சொல்லே சரியாயிருந்தது.

அந்த வினாக்களைச் சற்று நோக்குக. நேற்றிரவு என்ன உண்டீர்கள்? மாதவிடாய் எத்தனை நாள்? மலசலகூடம் ஒன்றை எத்தனை குடும்பங்கள் பாவிக்கின்றன? கணவர் குடிப்பவரா? மலையிலிருந்து களைத்திறங்கிய பெண்ணொருத்தி, காம்பரா வாசலில் நின்று, முன்பின் அறியாத ஒருவருக்கு இவற்றையெல்லாம் சொல்கிறாள். பின்னர் விரலை நீட்டுகிறாள். ஒரு துளி இரத்தமும் கொடுக்கிறாள். கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைய நாள் அரைப்பேராகிவிடும் வாழ்வில், அவள் கொடுத்த அரைமணி நேரமும் சிறு கொடையன்று.

ஆய்வேடு நிறைவேறுகிறது. அறிமுகம், முன்னாய்வுகள், முறையியல், பெறுபேறுகள், கலந்துரையாடல் என்று அத்தியாயங்கள் அமைகின்றன. வாய்மொழிப் பரீட்சை முடிகிறது, திருத்தங்கள் செய்யப்படுகின்றன, கெட்டி அட்டையில் பொன்னெழுத்துப் பொறித்த பிரதி நூலகத்துக்குப் போகிறது. எழுதியவருக்குப் பட்டமும் பதவி உயர்வும் வருகின்றன. வரட்டும்; அவரும் விடுமுறையின்றி உழைத்தவர்தாம். ஆயின் இரத்தம் கொடுத்தவளுக்கு வந்தது என்ன? அவள் ஓர் அட்டவணையில் ஓர் இலக்கமானாள். அவ்வட்டவணை ஆங்கிலத்தில் உளது. தமிழாக்கித் தாருங்கள் என்று வினாக்கொத்தோடு வந்தவருள் ஒருவரேனும் பெறுபேற்றோடு எம்மிடம் திரும்பி வந்ததில்லை.

வினாவுக்குத் தமிழ் வேண்டும், விடைக்கு வேண்டாம் என்றால் இதன் பொருள் யாது? கேட்டறிவதற்கு மட்டுமே அவள் மொழி தேவைப்படுகிறது. அறிவதற்கு உரியவளாய் அவள் எண்ணப்படவில்லை. தோட்டத்திலிருந்து கொழுந்து போவதைப் போலவே தரவும் போகிறது. இரண்டுக்கும் விலை வேறிடத்தில் வைக்கப்படுகிறது.

இது எமது மனக்கிலேசம் மட்டுமன்று. உலக மருத்துவச் சங்கம் 1964இல் வெளியிட்ட ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம், ஆய்வுக்கு உட்பட்டோர் அனைவருக்கும் அதன் பொதுவான முடிவுகளை அறிந்துகொள்ளும் வாய்ப்பு அளிக்கப்படவேண்டும் என்கிறது. சம்மதப் பத்திரம் தமிழில் இருக்கிறதே! நெறிமுறைக் குழு கேட்பதால் இருக்கிறது. பெறுபேறும் தமிழில் வேண்டும் என்று எவரேனும் வற்புறுத்தினால் அதுவும் இருக்கும்.

"இந்த நுட்பங்களைத் தமிழிற் சொல்ல முடியுமா?" என்று கேட்போரும் உளர். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். கருவுறாத பெண்ணின் குருதியில் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமிற் குறைந்தால் இரத்தம் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இதைச் சொல்லத் தமிழுக்குச் சொற்பஞ்சமா?

இன்னுமொன்று. 1848இல் மேற் சைலீசியாவில் பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராயுமாறு பிரஷ்ய அரசு ருடோல்ப் விர்ஷோ என்னும் இளம் வைத்தியரை அனுப்பியது. அவருக்கு அப்போது வயது 26. எமது முதுமாணி மாணவரிற் பலரினும் இளையவர். அங்கு அவர் கண்டவர்கள் போலந்து மொழி பேசும் வறிய குடியானவர்கள். ஆட்சி மொழியோ ஜெர்மன். அவரது அறிக்கை மருந்தோடு நிற்கவில்லை. சனநாயகம் வேண்டும், கல்வி வேண்டும், வரிமுறை மாறவேண்டும், அம்மக்களின் மொழிக்கு ஆட்சியில் இடம் வேண்டும் என்று தன்னை அனுப்பிய அரசின் முகத்துக்கு எதிரேயே அது கூறியது. பொதுச் சுகாதாரம் என்னும் துறையின் முன்னோடிகளுள் ஒருவராக இன்று அவரை மேற்கோள் காட்டாத பாடநூல் அரிது. மேற்கோள் காட்டுவோர் அந்த மொழிக் கோரிக்கையை மட்டும் ஏனோ விட்டுவிடுகின்றனர்.

தமிழில் நாலு பக்கம் எழுதிவிட்டால் இரத்தம் ஊறிவிடும் என்று நாம் கூறவரவில்லை. கூலியும் உணவும் குடிநீரும் வேறு போராட்டத்துக்குரியன. ஆனால் தம் டிவிசனில் எத்தனை பேருக்கு இரத்தம் குறைவு என்று அறிந்த பெண்கள் தோட்டத்துரையிடமும் தொழிற்சங்கத் தலைவரிடமும் கேட்கும் கேள்வி வேறாயிருக்கும். அக்கேள்வி எழாதிருப்பது சிலருக்கு வசதியாகவும் இருக்கலாம்.

ஆகவே பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்பது இது: பெறுபேற்றின் சுருக்கம் ஆய்வுக்கு உட்பட்டோரின் மொழியில், தமிழாயினும் சிங்களமாயினும், எழுதப்பட்டுப் பிள்ளை மடுவத்திலோ பிரட்டுக்களத்திலோ வாசிக்கப்படும்வரை ஆய்வேடு நிறைவெய்தியதாகக் கொள்ளற்க. அவர்கள் இணங்கும்வரை நாம் காத்திருக்கவும் போவதில்லை. பெறுபேற்றோடு திரும்பி வருவேன் என்று எழுதித் தருபவருக்கே இனி வினாக்கொத்தைத் தமிழாக்குவது என்று எம்முள் சிலர் தீர்மானித்துள்ளோம். பெறுபேற்றைத் தமிழாக்கும் வேலைக்கும் கூலி கேளோம்.

சென்ற மாதம் ஒருவர் வந்தார். நிபந்தனையைச் சொன்னோம். மேற்பார்வையாளரைக் கேட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அவருடைய வினாக்கொத்து இன்னும் எமது மேசையில்தான் கிடக்கிறது.