உசிலம்பட்டியில் ஒரு படகு மோட்டார்

உசிலம்பட்டிக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஐம்பத்தெட்டுக் கிராமக் கால்வாயில் வைகைத் தண்ணீர் எப்போது வரும் என்று வருஷக் கணக்கில் வழி பார்த்த ஊர் அது. அங்கே என் சித்தி மகன் வீட்டுத் திண்ணையில் ஒரு படகு மோட்டார் உட்கார்ந்திருந்தது!

இராமேசுவரத்தில் வேலை பார்த்தபோது ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினானாம். "பழசு அக்கா, அபூர்வமான சரக்கு" என்றான் அவன். "எடைக்குப் போட்டாப் பொண்ணோட பள்ளிக்கூடச் சம்பளத்துக்காவது ஆகும். நீங்களே சொல்லுங்க மதினி" என்றாள் அவன் மனைவி. பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது. நானும் விசாரித்துப் பார்த்தேன்.

படகின் பின்புறம் மாட்டும் இந்த மோட்டாருக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள், தெரியுமோ? அமெரிக்காவில், நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் என்பவரிடம், ஏரிக்கரையில் பெஸ் என்ற பெண் ஐஸ்கிரீம் கேட்டாளாம். துடுப்புப் போட்டு வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். அன்று உதித்த யோசனைதான் மோட்டார் என்பார்கள். அவருக்கு முன்பும் சிலர் செய்ததுண்டு. ஆனால் வீட்டுக்கு வீடு வாங்க வைத்தது 1909-ல் விற்பனைக்கு வந்த அவருடைய மோட்டார்தான். ஒன்றரைக் குதிரைச் சக்தி. எடை 62 பவுண்டு. விலையும் 62 டாலர். துடுப்பைத் தூக்கி எறியச் சொல்லி விளம்பரம் எழுதி, வியாபாரத்தைக் கவனித்தவள், அவருடைய மனைவியான அதே பெஸ்!

இத்தகைய பழைய மோட்டார்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் 1965-ல் அமெரிக்காவில் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். மதிப்புப் போட அவர்கள் பார்ப்பது நாலு விஷயம். முதலில் எண் பொறித்த தகடு; வயசும் ஜாதகமும் அதில்தான். இரண்டாவது, கயிற்றை இழுத்தால் உள்ளே காற்று எதிர்த்துத் தள்ள வேண்டும். துவண்டு சுழன்றால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது, மூடி, டாங்கி, விசிறி எல்லாம் கூடப் பிறந்தவைதானா? நாலாவது, பழைய பெயிண்ட். புதுசாக அடித்தால் மதிப்புக் குறையும். பாட்டியின் குத்துவிளக்கைத் தேய்த்துத் தேய்த்து வேலைப்பாட்டை அழிப்பது போலத்தான்!

தம்பியின் மோட்டாரில் தகட்டைத் துடைத்தோம். 1980-களில் நம் கடற்கரைக்கு ஏராளமாக வந்த ஜப்பான் சரக்கு. அபூர்வம் அல்ல. அவன் முகம் வாடிவிட்டது. ஆனால் ஓடினால் மீனவருக்கு உதவுமே? தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சக்கரம் கருகிவிடும். ஒரு டிரம் தண்ணீர் வேண்டும். உசிலம்பட்டியில் ஒரு டிரம் தண்ணீர்!

அவள் ஒன்றும் பேசவில்லை. குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். ஏழாவது இழுப்பில் மோட்டார் உறுமியது. குழந்தை கை தட்டினாள். எண்ணெய் மிதந்த தண்ணீரை மட்டும் அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாம்பன் மீனவர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். தம்பி கொடுத்ததில் பாதிதான். எடைக்காரர் சொன்னதைப் போல மூன்று பங்கு. பள்ளிக்கூடச் சம்பளமும் கட்டியாயிற்று.

உங்கள் பரணிலும் ஏதாவது இரும்பு தூங்கிக்கொண்டிருக்கலாம். எடைக்காரரைக் கூப்பிடுமுன் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். அபூர்வம் என்று வீட்டுக்காரர் சொன்னாலும் துடைத்துப் பாருங்கள்!