சில்லுக்குச் சாதி தெரியாது, ஆய்வகத்துக்குத் தெரியும்

2021 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை செமிகண்டக்டர் திட்டத்துக்கு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அன்றிலிருந்து 'சிப்' என்பது தேசபக்திச் சொல்லாகிவிட்டது. குஜராத்தின் தோலேராவில் தைவான் நிறுவனமான பிஎஸ்எம்சியுடன் சேர்ந்து டாடா 91,000 கோடியில் ஆலை கட்டுகிறது. சனந்தில் அமெரிக்காவின் மைக்ரான். அசாமின் ஜாகிரோட்டில் இன்னொன்று. எத்தனை நானோமீட்டர், எந்த வருடம் உற்பத்தி, சீனாவை எப்போது முந்துவோம் என்று தொலைக்காட்சியில் தொண்டை கிழிய விவாதிக்கிறார்கள். அந்தச் சில்லை ஆராயவும் வடிவமைக்கவும் யாரை உள்ளே விடுவார்கள் என்ற கேள்வி மட்டும் அங்கே எழுவதில்லை. நாம் எழுப்புவோம்.

முதலில் பணம். மைக்ரானின் சனந்த் ஆலைக்கு மொத்தச் செலவு 275 கோடி டாலர். அந்த நிறுவனம் போடுவது 82.5 கோடி டாலர் வரைதான். மொத்தச் செலவில் ஒன்றிய அரசின் பங்கு 50 சதவீதம், குஜராத் அரசின் பங்கு 20 சதவீதம். நூறு ரூபாயில் எழுபது ரூபாய் மக்கள் பணம். சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டுகிற தூய்மைப் பணியாளரின் காசும் அதில் இருக்கிறது. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் அது தனியார் நிறுவனம். இடஒதுக்கீடு என்று வாய் திறந்தால் 'திறமை' என்று பதில் வரும். முதல் போடும்போது பொதுவுடைமை, ஆள் எடுக்கும்போது தனியுடைமை! இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயம்?

அடுத்து ஆய்வகம். சில்லு ஆராய்ச்சி பேனாவும் தாளும் இருந்தால் முடிகிற வேலையல்ல. சிலிக்கான் தகட்டில் முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய கோடுகளை வரைய எலக்ட்ரான் கற்றைக் கருவி வேண்டும். தேவையற்றதை அரித்தெடுக்க, உலோகத்தைப் படலமாகப் பூச, முடிந்ததைச் சோதிக்க என்று ஒவ்வொன்றுக்கும் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகள் வேண்டும். அவை பெங்களூர் ஐஐஎஸ்சி, மும்பை ஐஐடி போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் முழுமையாக இருக்கின்றன. அவையும் மக்கள் பணத்தில் வாங்கியவைதான். வெளியே இருப்பவர்கள் விண்ணப்பித்து, காத்திருந்து, கிடைக்கிற சில நாட்களில் வேலையை முடித்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

நான் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் சென்சார் சில்லுகளில் ஆய்வு செய்கிறேன். கருவி நேரம் கேட்டு ஒரு பெரிய ஒன்றிய நிறுவனத்துக்குப் போயிருந்தபோது, அங்கிருந்த மூத்த ஆய்வாளர் என் சோதனை முடிவுகளைப் பார்க்கும் முன் கேட்ட கேள்வி: "நெட் எந்த கேட்டகரியில் கிளியர் பண்ணீங்க?" என் சில்லில் கசிவு மின்னோட்டம் எவ்வளவு என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை. இதைப் படிக்கும் பலரிடம் இதைவிட மோசமான கதைகள் இருக்கும். அதனால் என் கதையை விடுங்கள், எண்களைப் பாருங்கள்.

2019 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்குப்படி, 23 ஐஐடிகளில் 6,043 ஆசிரியர்கள். அவர்களில் பட்டியல் சாதியினர் 149 பேர், பழங்குடியினர் 21 பேர். இரண்டும் சேர்ந்து மூன்று சதவீதம்கூட இல்லை. 2015 முதல் 2019 வரை ஐஐடிகளில் சேர்ந்த முனைவர் பட்ட மாணவர்களில் பட்டியல் சாதியினர் 9.1 சதவீதம், பழங்குடியினர் 2.1 சதவீதம். சட்டம் சொல்வது 15, 7.5. வகுப்பறையில் இடஒதுக்கீட்டைத் தடுக்க முடியாதவர்கள் ஆய்வக வாசலில் தடுத்துக்கொண்டார்கள். முனைவர் பட்டச் சேர்க்கையில் நேர்காணல் என்று ஒன்று இருக்கிறது. பூட்டும் சாவியும் அங்கே இருக்கின்றன.

இந்த ஓட்டையை அடைக்க வேண்டிய நேரத்தில் என்ன செய்தார்கள்? ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டை நடைமுறைப்படுத்த வழி சொல்லுங்கள் என்று 2020 ஏப்ரலில் ஒன்றிய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் அப்போதைய டெல்லி ஐஐடி இயக்குநர் வி. ராம்கோபால் ராவ். நடைமுறைப்படுத்த வழி கேட்டால், ஐஐடிகளுக்கு இடஒதுக்கீட்டிலிருந்தே விலக்கு கொடுங்கள் என்று பரிந்துரைத்தது அந்தக் குழு. அது முடியாவிட்டால் உதவிப் பேராசிரியர் நிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றது. ராவ் யார் தெரியுமா? நானோ எலக்ட்ரானிக்ஸ் துறையின் பெயர்பெற்ற ஆய்வாளர். சில்லு ஆராய்ச்சிக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு முறை படிக்கட்டும்.

'தகுதி' பேசுகிறவர்களுக்கு அவர்கள் துறையிலிருந்தே ஒரு பாடம் சொல்லலாம். ஒரு வேஃபரில் நூற்றுக்கணக்கான சில்லுகள் இருக்கும். எல்லாம் வேலை செய்யாது. வேலை செய்பவற்றின் விகிதத்தை 'யீல்டு' என்பார்கள். யீல்டு குறைந்தால் எந்தப் பொறியாளரும் "இந்தச் சிலிக்கானுக்குத் தகுதியில்லை" என்று சொல்வதில்லை. எந்தக் கட்டத்தில் தூசு விழுந்தது, எந்தக் கருவி பிசகியது என்று ஒவ்வொரு படியாகத் தேடிச் சரிசெய்வார். 2023 டிசம்பரில் மக்களவையில் சொல்லப்பட்ட கணக்கு: ஐந்து ஆண்டுகளில் ஐஐடிகளை விட்டு வெளியேறிய மாணவர்களில் பிற்படுத்தப்பட்டோர் 2,066 பேர், பட்டியல் சாதியினர் 1,068 பேர், பழங்குடியினர் 408 பேர். இத்தனை பேர் பாதியில் உதிரும்போது எந்த இயக்குநர் தன் நிறுவனத்தில் தூசு தேடினார்? சிலிக்கான் தகட்டுக்குக் கிடைக்கிற நியாயம் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

தூசு என்றதும் இன்னொன்று. சில்லு செய்யும் கிளீன்ரூமில், நல்ல தரத்தில், ஒரு கனஅடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே போகிறவர் தலை முதல் கால்வரை மூடிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் எல்லா மனிதத் தோலும் ஓயாமல் உதிர்கிறது. அக்ரகாரத் தோலும் உதிர்கிறது, சேரித் தோலும் உதிர்கிறது. பிறப்பால் தூய்மையானவர் என்று யாருக்கும் விலக்கு கிடையாது. துகள் எண்ணும் கருவி இரண்டாயிரம் வருடப் புரட்டை ஒரு நிமிடத்தில் உடைக்கிறது. அந்த உடையைக் கழற்றிவிட்டு வெளியே வந்ததும் அதே மனிதர்கள் விடுதியில் தனி சைவ மேசை கேட்கிறார்கள்.

கதவைத் திறந்துவிட்டால் துறை கெட்டுவிடுமா? வரலாறு வேறு சொல்கிறது. 1970களின் நடுப்பகுதிவரை சில்லு வடிவமைப்பு சில கம்பெனிகளின் ரகசியத் தொழில். லின் கான்வே என்ற பெண் கார்வர் மீடுடன் சேர்ந்து அதை எந்த மாணவரும் கற்கக்கூடிய எளிய விதிகளாக்கினார். 1979-ல் 12 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் வடிவமைப்புகளை ஒரே தொகுப்பாக்கி, வேஃபர்களைப் பகிர்ந்து, சில்லுகளாக்கிக் கொடுத்தார். சமபந்தி போல, ஒரே தட்டில் எல்லோருக்கும் இடம். இன்றைய சில்லுத் தொழில் அந்தப் பந்தியில் வளர்ந்தது. இதே கான்வே திருநங்கை என்பதால் 1968-ல் ஐபிஎம் அவரை வேலையைவிட்டு நீக்கியது. மன்னிப்புக் கேட்க அந்த நிறுவனத்துக்கு 52 வருடங்கள் ஆயின. ஒதுக்கியவர்கள் இழந்தார்கள், ஒதுக்கப்பட்டவர் துறையையே மாற்றினார்.

நம் ஊரிலும் சான்று உண்டு. தமிழ்நாடு பொறியியல் நுழைவுத் தேர்வை ஒழித்தது. 69 சதவீத இடஒதுக்கீட்டைக் காத்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை தந்தது. அப்படிப் படித்தவர்கள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் சில்லு வடிவமைக்கிறார்கள். அந்தச் சில்லுகள் என்ன, இடஒதுக்கீட்டால் சூடாகி வெடித்தா போயின?

சாதி கதவுக்கு உள்ளே மட்டும் நிற்கவில்லை, சில்லு போகும் இடமெல்லாம் போகிறது. 2020-ல் கலிபோர்னியா அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவரின் ஐஐடி இடஒதுக்கீட்டைச் சக ஊழியர்களிடம் சொல்லி அவரை ஒதுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. இங்கே நாக்பூரிலும் சண்டிகரிலும் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். எங்கே நிற்கிறார்கள், எப்போது நகர்கிறார்கள் என்று அதிகாரிகள் திரையில் பார்க்கலாம். சண்டிகரில் தொழிலாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். மலக்குழியின் விஷவாயுவை முன்கூட்டிச் சொல்லும் சென்சார் இந்த நாட்டில் செய்ய முடியாத பொருளல்ல. தலித்தின் உயிரைக் காக்க வேண்டிய சில்லு வரவில்லை, தலித்தைக் கண்காணிக்கும் சில்லு முதலில் வந்துவிட்டது. எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. பாதிக்கு மேல் அரசு மூலதனம் பெறும் ஒவ்வொரு சில்லு ஆலையிலும் இடஒதுக்கீடு வேண்டும். 85,000 பொறியாளர்களை உருவாக்குவோம் என்று 2022-ல் தொடங்கிய 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டத்தின் பயனாளிகளைச் சமூகவாரியாக வெளியிட வேண்டும். தேசிய ஆய்வகங்களின் கருவி நேரத்தில் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் உறுதியான பங்கு வேண்டும். முனைவர் பட்ட நேர்காணல் மதிப்பெண்களை வெளியிட வேண்டும்.

மாணவத் தோழர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்தான் கட்டணம். உங்கள் துறையில் ஐந்து வருடங்களில் முனைவர் பட்டத்துக்கு யார் யாரைச் சேர்த்தார்கள், யார் பாதியில் போனார்கள், கருவி நேரம் யாருக்குப் போனது என்று கேளுங்கள். பதில் வரட்டும். தூசு எங்கே இருக்கிறது என்று ஊருக்கே காட்டுவோம்.