எங்கள் லயத்தையும் அளக்க வாருங்கள்!

கட்டடக் கலை பயிலும் மாணவ மாணவியர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சுக்கு வருகிறார்கள். அளவு நாடா பிடித்துத் தெருவை அளக்கிறார்கள். பூக்கடையையும் கோயில் வாசலையும் படம் பிடிக்கிறார்கள். கல்லூரிக்குத் திரும்பி, இடமும் சமூகமும் என்று தலைப்பிட்டு வரைபடம் தீட்டுகிறார்கள். அட்டையில் மாதிரிக் கட்டடம் செய்து ஆசிரியர் முன் வைக்கிறார்கள். மக்கள் கூடிப் பேச ஒரு சதுக்கம், நிழலுக்கு ஒரு கூரை, பிள்ளைகளுக்கு ஒரு முற்றம் எல்லாம் அதில் இருக்கின்றன. நல்ல எண்ணந்தான். அதை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் தொழிலாளி என்ற முறையில் ஒன்று கேட்கிறோம்: அந்தச் சதுக்கம் இருக்கும் நிலம் யாருடையது? அதைச் சுற்றி யார் குடியிருப்பார்கள்? அவர்களை யாராவது கேட்டார்களா?

பிரிக்பீல்ட்சின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று ஆட்சியாளர் உத்தரவிட்டனர். அதற்கு வேண்டிய செங்கல்லைச் சுட்ட சூளைகளால் அந்த இடத்துக்குப் பெயர் வந்தது. பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயோடு தமிழரும் இலங்கைத் தமிழரும் மலையாளிகளும் வந்தார்கள். ஊழியர்கள் குடியிருந்த 'நூறு வீடுகள்' என்ற வரிசை வீடுகள் எழுந்தன. நகரத்தைக் கட்டிய கைகளும் ரயிலை ஓட்டிய கைகளும் அங்கேதான் உண்டு உறங்கின.

இன்று நிலை என்ன? ரயில்வேயின் பழைய யார்டு இருந்த 72 ஏக்கர் நிலத்தில் கே.எல். சென்ட்ரல் எழுந்து 2001-இல் திறக்கப்பட்டது. ஜப்பானின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா அதை வடிவமைத்தார். நூறு வீடுகள் இன்று இல்லை. 2010-இல் தெருவுக்கு 'லிட்டில் இந்தியா' என்று பெயர் சூட்டினார்கள். 2015-இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த தோரண வாயிலை இரு நாட்டுப் பிரதமர்களும் திறந்து வைத்தார்கள். வீடுகள் போயின, தோரணம் வந்தது! விருந்தினரை வரவேற்க வாசலில் தோரணம் கட்டுவது நம் வழக்கம். வீட்டுக்காரனை அனுப்பிவிட்டுத் தோரணம் கட்டும் வழக்கம் நம்மிடம் இல்லை.

பொதுமக்கள் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே தெருவில் சான்று இருக்கிறது. 1904-இல் கட்டப்பட்ட விவேகானந்த ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014-இல் வெளிவந்தபோது மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 2016-இல் அது பாரம்பரியச் சொத்தாகப் பதிவு பெற்றது. கட்டடத்தைக் காக்க முடிந்தது; நன்று. குடும்பங்கள் குடியிருந்த லயங்களுக்காக அந்த அளவு குரல் எழுந்ததா?

இனித் தோட்டத்துக்கு வருவோம். தோட்டத்தில் கட்டடக் கலைஞன் இல்லை என்று எண்ண வேண்டாம். மேட்டின் மேல் துரை பங்களா. நடுச்சரிவில் கிராணிமார் குவார்ட்டர்ஸ். பள்ளத்தில் லயம். பங்களாவிலிருந்து பார்த்தால் லயம் தெரியும். லயத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் கூரைதான் தெரியும். இது தற்செயலாக அமைந்ததா? யார் யாரைப் பார்க்கலாம், யார் யாரோடு பழகலாம் என்று தீர்மானித்து, நிலத்தின் மேலேயே கோடு கிழித்திருக்கிறார்கள்.

அந்தக் கோட்டுக்குள்ளேதான் நம் மக்கள் தங்களுக்கென ஓர் உலகத்தை உண்டாக்கினார்கள். லயத்து அஞ்சடியில் உட்கார்ந்து பேசினார்கள். அங்கேயே பிள்ளைக்குத் தலைவாரினார்கள், அங்கேயே சங்கத்துக்குச் சந்தா கட்டினார்கள். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கொடுத்தவர்கள், மாலையில் அதே களத்தில் கூட்டம் போட்டார்கள். ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, பந்து விளையாடும் திடல் இவையே நமது சதுக்கங்கள். எந்தக் கல்லூரியும் இவற்றை வரைந்து கொடுக்கவில்லை.

இடத்தைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் சிலாங்கூரில் முதலில் சிந்தித்தவர்கள் யார் என்று மாணவர்கள் கேட்டால், கிள்ளான் தொழிலாளர்கள் என்று சொல்வோம். 1941-இல் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோட்ட வேலைநிறுத்தங்களை நடத்தியது. கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றார்கள். வெள்ளைக்காரரையோ தோட்டத்து ஆசிய உத்தியோகஸ்தரையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானம் ஒழிய வேண்டும் என்றார்கள். பாதை யாருடையது, வாசல் யாருடையது என்ற கேள்வி இது! அதற்கு ராணுவத்தின் துப்பாக்கி பதில் சொன்னது. தொழிலாளர் உயிர்கள் பலியாயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

கிராணிமார்களே! 'ஆசிய உத்தியோகஸ்தர்' என்று அன்று சொன்னது நம்மைத்தான். இதை எழுதுபவனும் ஒரு தோட்டத்துக் கிராணியே. குவார்ட்டர்சுக்கும் லயத்துக்கும் நடுவே இருக்கும் அந்த நூறு கெஜ இடைவெளியை நாமாகக் காத்துக்கொண்டு இருக்கலாகாது. தோட்டம் விற்கப்படும்போது இரண்டு வீடுகளையும் ஒரே புல்டோசர்தான் இடிக்கிறது.

விற்கப்பட்ட தோட்டங்களைப் பாருங்கள். சுபாங் ஜெயா நகரம் சீபீல்ட் தோட்டத்தின் மேல் நிற்கிறது. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா, 1921-இல் முன்னாள் ராணுவ அதிகாரிகள் தொடங்கிய பிராங் பெசார் தோட்டத்தின் மேல் நிற்கிறது. பால்வெட்டும் தோழர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பி.பி. என்ற எழுத்தோடு தொடங்கும் உயர்வகை ரப்பர் இனங்கள் அங்கே பிறந்தவை. அந்த மரங்களின் பேர் உலகமெல்லாம் போயிற்று. அவற்றைச் சீவிய குடும்பங்கள் எங்கே போயின? 1990-களின் இறுதியில், பிராங் பெசாரிலிருந்தும் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டன. தலைநகரத்துக்கு ஏரியும் பாலமும் குவிமாடமும் வரைந்தார்கள். தொழிலாளிக்குக் கொடுத்த சுவரிலோ விரிசல் கண்டது. தரைவீடு கேட்டு அந்த மக்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் போராட வேண்டி வந்தது. ஒரே காலத்தில், ஒரே மண்ணில் இரண்டு விதமான கட்டடக் கலை!

புக்கிட் ஜாலிலும் அப்படியே. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்கு அரங்கம் கட்ட அங்கே இடம் இருந்தது. 2011-இல் கடைசியாக நின்ற 41 குடும்பங்கள் வீட்டுக்காக நாலு ஏக்கர் கேட்டபோது இடம் இல்லை.

சிலர் கேட்பார்கள்: "லயம் என்ன சொர்க்கமா? ஒழுகும் கூரை, ஒட்டிய சுவர், பொதுக் கக்கூஸ். அடுக்குமாடி முன்னேற்றம் அல்லவா?" லயத்தை நாம் போற்றவில்லை. அதன் ஒழுகலை அனுபவித்தவர்கள் நாம். ஆனால் கூரை ஒழுகினால் கூரையை மாற்ற வேண்டும்; அஞ்சடியையும் அண்டை வீட்டையும் சேர்த்துத் தொலைக்க வேண்டுமா? லயத்தில் ஒரு பிள்ளைக்குப் பத்து வீட்டுக் கண் காவல். அடுக்குமாடியின் பதினைந்தாவது மாடியில், மின்தூக்கி பழுதான நாளில், கிழவிக்கு யார் துணை? லயத்தை விட்டபோது நமக்கு வந்திருக்க வேண்டியது நிலத்தோடு கூடிய வீடு. வேலை போனால் வீடும் போகும் என்பதே லயத்தின் பெரிய கொடுமை. அந்தக் கொடுமை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். உறவினர் தடையின்றி வர வேண்டும் என்று 1941-இல் கேட்ட இந்தப் பள்ளத்தாக்கில், பழைய தோட்ட நிலங்களில் எழுந்த புதிய குடியிருப்புகள் பலவற்றில் காவல் கூண்டும் தடுப்புக் கம்பியும் நிற்கின்றன. மரம் நட்டவனின் பேரன் அங்கே வேலைக்குப் போனால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும்!

இன்று லயங்களில் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களும் இருக்கிறார்கள். தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் 1966-இல் பிறந்து, 1990-இல் மாற்றப்பட்டு, 2019-இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டம் தாண்டி மற்றத் துறைகளுக்கும் வந்தது. அதன் விதிப்படி, பொதுக்கூடத்தில் படுக்கும் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் உறங்குமிடம். கடையில் விற்கும் எட்டடிக்கு நாலடிப் பிளைவுட் பலகையைத் தரையில் போட்டுப் பாருங்கள்; அதுதான் அளவு. இதற்கும் குறைந்த இடத்தில் மனிதர்களை அடைத்தார்கள் என்பதால் அல்லவா இந்தச் சட்டமே தேவைப்பட்டது? அவர்களும் நம் தாத்தாமார் கப்பலில் வந்தபடியே வந்தவர்கள். அவர்களை விட்டுவிட்டு நமக்கு மட்டும் வீடு கேட்பது சங்கத் தர்மம் ஆகாது.

வேறு வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு இரண்டு சான்றுகள். இலங்கைக் கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, பம்பாயில் கட்டடக் கலை மாணவியாக இருந்தபோது காந்தியின் விடுதலை கோரிய கிளர்ச்சியில் சேர்ந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவர். 1948-இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண்மணி. 1950-களில் கண்டி வட்டப்புலுவையில் அரசு ஊழியர்களுக்கு வீட்டுத் திட்டம் வகுத்தபோது, குடிவரப்போகும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரிடமும் கேள்வித்தாள் கொடுத்து, எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று முதலில் கேட்டார். பிறகுதான் வரைந்தார். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகம் 1993-இல் கிராமியப் பயிற்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கியது. அதன் மாணவர்கள் ஏழை மக்களிடையே தங்கி, அவர்களோடு பேசி, தங்கள் கையாலேயே வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். 1994-இல் கட்டிய முதல் வீட்டின் சுவர் வைக்கோல் கட்டுகளால் ஆனது.

அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? ஆகவே நாம் கோருகிறோம்:

ஒன்று: தோட்டத்தில் புது வீடு கட்டுவதானாலும் குடிபெயர்ப்பதானாலும், பெண்களும் அடங்கிய தொழிலாளர் குழுவைக் கேட்ட பிறகே வரைபடம் தீட்ட வேண்டும். வரைபடத்தைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் பெரட்டுக் களத்தில் ஒட்ட வேண்டும்.

இரண்டு: தோட்டம் விற்கப்பட்டால் அதே தோட்டத்து நிலத்தில், நிலப்பட்டாவோடு வீடு. புது வீடு எழும் முன் பழைய வீட்டில் கை வைக்கக் கூடாது.

மூன்று: ஓய்வு பெறும் நாள் வீடு இழக்கும் நாளாக இருக்கலாகாது.

நான்கு: வெளிநாட்டுத் தோழர்களுக்கும் இதே மரியாதை. சட்டம் சொல்வது குறைந்த அளவு. அதையே போதுமென்று நிர்வாகம் நிற்கக் கூடாது.

மாணவச் செல்வங்களே, உங்கள் நாடாவைக் கொண்டு எங்கள் லயத்தையும் அளக்க வாருங்கள். தம்பி தங்கையராக வாருங்கள். அஞ்சடியில் பாய் விரித்துக் காப்பி கொடுப்போம். அளந்ததை ஆசிரியரிடம் மட்டும் காட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். எங்கள் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள், நிர்வாகத்தின் மேசையிலும் வையுங்கள். தொழிலாளத் தோழர்களே, அவர்கள் வரும்போது "நமக்கென்ன தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம். எந்தச் சுவர் ஒழுகும், எந்தப் பாதையில் இரவில் பெண்கள் நடக்க அஞ்சுவார்கள், பிள்ளைகள் எங்கே கூடுவார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்கள். சொன்னதைச் சங்கக் கிளையில் தீர்மானமாக எழுதுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தின் முதல் விஷயம் வீடாக இருக்கட்டும்!