வாடகை வீடு: வாய்ச்சொல் போதாது, எழுத்து வேண்டும்

"பத்து நாளில் வீட்டைக் காலி செய்யுங்கள்." வாடகைக்குக் குடியிருப்பவரின் தூக்கத்தைக் கெடுக்க இந்த ஒரு சொல் போதும். முஸ்லிம் என்பதாலேயே நகரங்களில் வீடு மறுக்கப்படுவதை நாம் அறிவோம். அதனால் ஒரு வீடு கிடைத்ததும், உரிமையாளர் மனம் கோணிவிடக் கூடாதே என்று ஒப்பந்தம்கூடக் கேட்காமல் குடியேறிவிடுகிறோம். நமது பலவீனம் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழகத்தில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவும் வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணம் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்க உரிமையாளருக்கு இச்சட்டம் வழி தருகிறது. ஆக, வாய்ச்சொல்லை நம்பியிருப்பவருக்கே ஆபத்து அதிகம்.

ஒப்பந்தம் உள்ளவரை உரிமையாளர் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துதல் போன்ற சட்டக் காரணங்களை வாடகை நீதிமன்றத்தில் அவர் நிரூபிக்க வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்து நெருக்குவது சட்டவிரோதம். உடனே வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். வாடகையை வாங்க மறுத்து, பின்னர் பாக்கி என்று வழக்குப் போடுவதும் உண்டு. அப்போது மணியார்டர் போன்ற சான்றுள்ள வழியில் வாடகையை அனுப்ப வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் மறுத்தால் வாடகை அதிகாரியிடமே செலுத்திவிடலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

எழுதக் கேட்பது நம்பிக்கையின்மை அல்ல. தவணையுள்ள கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) கட்டளையிடுகிறது. வாடகையை ஃபிக்ஹு நூல்கள் இஜாரா என்னும் ஒப்பந்தமாகவே பேசுகின்றன. தொகையும் காலமும் இரு தரப்புக்கும் தெளிவாக இருக்க வேண்டும் என்கின்றன.

இது உரிமையாளர்களாக இருக்கும் நம்மவர்களுக்கும் பொருந்தும். குடியிருப்பவர் கேட்கும் முன்பே எழுதிக் கொடுப்பது அமானிதம் பேணுவதாகும். காலம் முடிந்தும் வீட்டை விடாமல் அடம்பிடிப்பது குடியிருப்பவர் செய்யும் அநீதி. ஒப்பந்தம் எழுதவும் பதிவு செய்யவும் தெரியாத குடும்பங்களுக்கு ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் உதவ முன்வந்தால், இன்ஷா அல்லாஹ், பல வழக்குகள் தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.